அப்புச்சிக்கு ஒரு காக்கை

காக்கையைக் கூப்பிடத் தெரிந்த ஒருவர் தன் ஆபீஸில் இருக்கிறார் என்று அப்பா ஒரு மாலை வந்து சொன்னபோது, அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அப்புச்சி இறந்த பிறகு அப்பா சொன்ன எதற்கும் அவள் அப்படித் திரும்பியதில்லை.

அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர். தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்தார். மூன்று வயதில் நான் அவர் தோளில் உட்கார்ந்து சந்தைக்குப் போனதாகச் சொல்வார்கள். எனக்கு ஞாபகம் இல்லை. எனக்குத் தெரிந்த அப்புச்சி, ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசிக்குள்ளிருந்து வரும் ஒரு குரல். “சோறு உண்டியா கண்ணு?” என்று கேட்கும். நான் “யெஸ்” என்பேன். எங்களுக்குள் பேச்சு அதற்கு மேல் வளர்ந்ததில்லை.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், ஓர் அபார்ட்மென்ட்டின் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். நான் நான்காம் வகுப்பு. அப்புச்சி போன செய்தி ஒரு காலை நேரத்தில், ஸ்கூல் பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. பேசியது ஊரிலிருந்த பெரிய மாமா. அம்மா “சரிண்ணா, சரிண்ணா” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு போனை வைத்தாள். எனக்கான பிரெட்டைக் குறுக்கே வெட்டிப் பையில் போட்டாள். ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஷேவ் செய்துகொண்டிருந்த அப்பாவிடம் போய், “எங்கப்பா போயிட்டாருங்க” என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

அவள் ஊருக்குப் போகவில்லை. போக முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணி இரண்டு வருடமாகக் காத்திருந்த நேரம் அது. நாட்டை விட்டு வெளியே போவதற்கென்று தனியாக ஓர் அனுமதி வரவேண்டுமாம். அது வராமல் விமானம் ஏறினால் அப்ளிகேஷனே போய்விடுமாம். அப்பா இதை அம்மாவுக்குப் பலவிதமாக விளக்கினார். அவள் எல்லாவற்றுக்கும் “சரிங்க” என்றாள். ஒரு தடவையாவது சண்டை போட்டிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு, சண்டை வராதது நல்ல விஷயமாகத்தான் பட்டது.

ஊரில் கருமாதிக்குக் காக்கைக்குச் சோறு வைத்தார்கள் என்று மாமா போனில் சொன்னார். மறுநாளிலிருந்து அம்மா பால்கனிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி சோறு வைக்க ஆரம்பித்தாள். முதல் சில நாட்கள் சும்மா வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். காக்கை வரவில்லை. அணில்கள் வந்தன. நம் ஊர் அணில் மாதிரி இல்லை அவை. பூனைக்குட்டி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கும். இரண்டு கையாலும் சோற்றை அள்ளித் தின்றுவிட்டு, இன்னும் இல்லையா என்பது போலக் கதவைப் பார்க்கும். பிறகு அம்மா கூப்பிட ஆரம்பித்தாள். “கா, கா” என்று, முதலில் அக்கம்பக்கத்தாருக்குக் கூச்சப்பட்டு மெதுவாக. போகப்போகக் கூச்சம் விட்டுப் பலமாக. ஸ்கூல் பஸ் நிற்கும் இடம் எங்கள் பால்கனிக்கு நேர் கீழே இருந்தது. மேலே கத்துவது யார் என்று கூட நின்ற பிள்ளைகள் கேட்டபோது, தெரியாது என்று தோளைக் குலுக்கினேன்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் காக்கையே இல்லாமலில்லை. ரூட் பதினெட்டில் பீட்சாக் கடைக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அங்கே கொண்டுபோய் வைக்கலாமா என்று அப்பா ஒருநாள் கேட்டார். குப்பைத் தொட்டியிலா, என்று மட்டும் அம்மா கேட்டாள். அப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காக்கை சோறு எடுக்காவிட்டால் போனவருக்கு ஏதோ மனக்குறை என்று பொருளாம். இதை அம்மா யாரோ ஒரு ஆன்ட்டியிடம் போனில் சொல்லக் கேட்டேன். “எம்மேல கோவம் அவருக்கு. இருக்காதா பின்ன?” என்றாள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அப்பா ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பக்கத்து மேசைக்காரரிடம் இதைச் சொல்லியிருக்கிறார். மாமனார் இறந்துவிட்டார், சடங்குக்கு ஒரு காக்கை வேண்டும், எங்கள் அபார்ட்மென்ட்டுக்குக் காக்கை வருவதில்லை, மனைவி ரொம்ப வேதனைப்படுகிறாள் என்று. அதற்கு அவர், காக்கை தானே, நான் சனிக்கிழமைகளில் காக்கை கூப்பிடப் போகிறேன், நீங்களும் வாருங்கள், உங்கள் மனைவிக்கு ஒன்று கிடைக்க நான் ஏற்பாடு செய்கிறேன் என்றாராம். அப்பாவின் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் வேலை விஷயத்தில் ஒன்றையொன்று நன்றாகப் புரிந்துகொண்டு வந்தவை. காக்கை விஷயத்தில் அவை எங்கே விலகின என்று இரண்டு பேருமே அப்போது கவனிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்புச்சிக்கு முப்பதாம் நாள் என்பது அம்மாவுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அவளே அதைச் சொன்னாள். எல்லாம் தானாகக் கூடி வருகிறது என்றாள். அன்றைக்கு விடியும்போதே குளித்து, சோறு வடித்து, கத்திரிக்காய்க் குழம்பும் உளுந்து வடையும் பண்ணினாள். எடிசனில் இந்தியக் கடையில் வாங்கி ஃப்ரீஸரில் வைத்திருந்த வாழை இலையை எடுத்து வெந்நீரில் நனைத்து விரித்தாள். ஓரமெல்லாம் கறுத்துப்போய்த்தான் இருந்தது. புடவைக்கு மேல் அப்பாவின் கனமான ஜாக்கெட்டையும் காலில் தன் ஸ்னோ பூட்ஸையும் போட்டுக்கொண்டு, பாத்திரத்தை மடியில் வைத்துக் காரில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். வடை வாசனை கார் முழுக்க இருந்தது. காக்கை சாப்பிட்ட பிறகுதான் எனக்கு என்று சொல்லிவிட்டாள்.

அரைமணி நேரம் போயிருப்போம். வீடுகள் முடிந்து வயல்கள் வந்தன. சோளம் அறுத்த வெறும் தாள் வரிசை வரிசையாக நிற்க, அதன்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. காற்று இல்லை. ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. வயலோரத்தில் ஒரு பிக்கப் டிரக் நின்றது. அதன் பக்கத்தில் நின்றவர் நல்ல உயரம், நரை கலந்த சிவப்புத் தாடி. தோலில் தைத்த பழங்காலத்துக் கோட்டும் மூன்று மூலை மடித்த தொப்பியும் போட்டிருந்தார். கையில் என்னைவிட உயரமான ஒரு துப்பாக்கி.

அம்மா காரைவிட்டு இறங்காமல் அப்பாவைப் பார்த்தாள். அது வேஷம் என்று அப்பா சொன்னார். இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கிய சண்டையை இவர்கள் வருடா வருடம் நாடகம் மாதிரி நடத்துவார்கள், ஆபீஸில் இதே உடுப்போடு இவர் போட்டோ இருக்கிறது, அந்தத் துப்பாக்கியை இவரே மரம் செதுக்கி, இரும்பு பூட்டிச் செய்தது என்று விளக்கினார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அம்மா இறங்கினாள்.

தாடிக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் தலைகுனிந்து, உங்கள் தகப்பனார் பற்றிக் கேள்விப்பட்டேன், ரொம்ப வருந்துகிறேன் என்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் புரியும், வேகமாகப் பேசினால் புரியாது. அதனால் இம்மாதிரி இடங்களில் நான்தான் இடையில் நிற்பேன். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. இத்தனைக்கும் என் தமிழ், வீட்டில் கேட்டதை வைத்து ஒட்டுப்போட்ட தமிழ். ‘அவனை’ என்பதற்கும் ‘அவனுக்கு’ என்பதற்கும் எனக்கு அடிக்கடி தடம் மாறிப்போகும்.

வேலியோரமாக ஒரு புதர் மறைவில் எங்களை உட்காரச் சொன்னார். கருமருந்தும் ரவையும் துப்பாக்கிக்குள் முன்னமே கெட்டித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. எங்கள் எதிரில் அவர் செய்ததெல்லாம், சின்னக் கொம்பு ஒன்றிலிருந்து கொஞ்சம் கறுப்புத் தூளைத் துப்பாக்கியின் பக்கவாட்டில் இருந்த ஒரு குழியில் தட்டி மூடியதுதான். அதுவும் நாடகத்தில் சேர்த்தி என்று நினைத்தேன். பிறகு உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, பையிலிருந்து கட்டைவிரல் நீளத்தில் ஒரு மரக்குழலை எடுத்து வாயில் வைத்து ஊதினார்.

அது காக்கைச் சத்தமேதான். கரகரவென்று, அவசரமாக, யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்பது போல. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தூரத்து மரங்களிலிருந்து ஒரு காக்கை பதில் சொன்னது. இவர் மறுபடியும் ஊதினார். ஒன்று கிளம்பி வந்தது. அதற்குப் பின்னால் இரண்டு. அப்புறம் எண்ணிப் பார்க்கத் தோன்றாத அளவுக்கு. முழுக் கறுப்பு, நம் ஊர்க் காக்கையின் சாம்பல் கழுத்து இல்லை. ஆனால் பறப்பதும் தலையைச் சாய்த்துப் பார்ப்பதும் எல்லாம் அப்படியே.

அம்மா சத்தம் வராமல் இலையைப் பிரித்தாள். சோற்றிலிருந்து ஆவி எழுந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்த ஒரு காக்கை எங்கள் தலைக்கு மேலாகத் தாழ்ந்து ஒரு வட்டம் போட்டது. அம்மா இரண்டு கையையும் கூப்பினாள். அப்பாவைப் பார்த்து, “வந்துட்டாருங்க” என்றாள். ஒரு மாதத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. அப்பாவும் சிரித்தார்.

துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசியது. முதலில் ஒரு சீறல், எங்கள் காதுக்குப் பக்கத்தில். அது என்ன என்று திரும்புவதற்குள் வெடித்தது. வெள்ளைப் புகை புதரையும் எங்களையும் மூடிக்கொண்டது. அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம். புகை விலகியபோது காக்கை வானத்தில் இல்லை. சோளத் தாள்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ கிடந்தது.

நாங்கள் மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. தாடிக்காரர்தான் எழுந்துபோனார். குனிந்து அதை எடுத்தார். மற்றவர்களாக இருந்தால் காலைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்கி வந்திருப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி மெதுவாக நடந்து வந்து, அம்மாவுக்கு முன்னால் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, அதை நீட்டினார். இது உங்கள் தகப்பனாருக்காக, என்றார். குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. காக்கை வேண்டும் என்று கேட்ட குடும்பத்துக்கு ஒரு காக்கையைக் கொடுத்துவிட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். என்ன சொல்கிறார் என்று கேட்கும் பார்வை. எனக்குக் காதில் இன்னும் ரீங்காரம். நான் என் வேலையைச் செய்தேன்.

“இது உங்க அப்பாவாம்.”

‘உங்க அப்பாவுக்காம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னது இதுதான். அப்பா சட்டென்று என் தோளைப் பிடித்தார். ஆனால் அம்மாவின் கைகள் அதற்குள் நீண்டுவிட்டன. காக்கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு இறக்கை விரிந்தபடி தொங்கியது. அதை மடக்கி உடம்போடு சேர்த்தாள். மூக்கோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது. முந்தானையால் ஒற்றி எடுத்தாள். பிறகு குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம்.

மேலே மற்ற காக்கைகள் போகவில்லை. கூட்டம் கூட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்து கத்தின. தாடிக்காரர் அண்ணாந்து பார்த்தார். பழக்கதோஷம்தான், துப்பாக்கியை நிமிர்த்தி வைத்து மருந்தைக் கொட்டிக் குச்சியால் குத்த ஆரம்பித்தார். அப்போதுதான் அப்பா எழுந்தார். “நோ,” என்றார். “ப்ளீஸ். நோ.” ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் அப்பா கை நீட்டித் தடுத்துப் பேசி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

இருவரும் டிரக் பக்கமாகத் தள்ளிப்போய்ப் பேசினார்கள். அப்பா கையால் வாயைக் காட்டினார், வானத்தைக் காட்டினார், அம்மாவின் பக்கம் காட்டினார். தாடிக்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். சிவப்பாக இருந்த அவர் முகம் வெளுத்து, மறுபடியும் சிவந்தது. டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்து தலையைக் கைகளில் பிடித்துக்கொண்டார்.

அவர் திரும்பி வந்தபோது கையில் துப்பாக்கி இல்லை. மரக்குழல் மட்டும் இருந்தது. அதை வாயில் வைத்து ஊதினார். காக்கைகள் அதற்குள் தூரத்து மரங்களுக்குத் திரும்பிப் போயிருந்தன. ஊதினார், நிறுத்திக் காது கொடுத்தார், இன்னும் பலமாக ஊதினார். ஒன்றும் பதில் சொல்லவில்லை. கிளைகளில் அவை உட்கார்ந்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது. சோறு ஆறி, ஆவி நின்றுபோயிருந்தது. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வர, அவர் விடாமல் ஊதிக்கொண்டிருந்தார். எனக்குப் பசி. இந்தக் காக்கைகள் வந்து தொலைத்தால் வடை சாப்பிடலாமே என்று இருந்தது.

“போதும்னு சொல்லு கண்ணு,” என்றாள் அம்மா. “அவரு மேல தப்பில்லைன்னும் சொல்லு.”

இதை நான் சரியாகவே சொன்னேன். அவர் குழலைப் பையில் போட்டுக்கொண்டு, இதற்குப் பிறகு என்ன செய்யவேண்டும் என்று என்னிடம் கேட்டார். என்னைத்தான் கேட்டார், பெரிய மனுஷியைக் கேட்பது போல. நான் அம்மாவிடம் கேட்டேன். குழி தோண்டணும் என்றாள்.

மண் இறுகிப்போயிருந்தது. டிரக்கிலிருந்து மண்வெட்டியைக் கொண்டுவந்து அவரும் அப்பாவும் மாற்றி மாற்றித் தோண்டினார்கள். அம்மா வாழை இலையில் இருந்ததைச் சோளத் தாள்களுக்கிடையே கவிழ்த்துவிட்டு, இலையில் காக்கையைக் கிடத்திச் சுருட்டி, குழிக்குள் இறக்கினாள். ஒரு பிடி மண் போட்டாள். அப்பாவைப் பார்த்தாள், அவர் போட்டார். என்னைப் பார்த்தாள்; நானும் போட்டேன். தாடிக்காரர் தொப்பியோடு ஒதுங்கி நின்றார். அம்மா அவர் பக்கமும் பார்த்துத் தலையசைத்தாள். அவர் முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினார்.

காரில் வரும்போது, வீடுகள் தெரிய ஆரம்பித்த பிறகு அம்மா, சாலையைப் பார்த்தபடியே பேசினாள்.

“இத்தனை நாளா நான் கூப்பிட்டேன், வரலை. யாரோ ஒருத்தர் கூப்பிட்டதுக்கு ஓடி வந்தாரு. நான்னு நெனைச்சுத்தான் வந்திருப்பாரு.”

அப்பா சிக்னல் பச்சையாகியும் காரை எடுக்காமல் இருந்தார். பின்னாலிருந்தவர் ஹாரன் அடித்தார். அப்பா எதற்காக என்னைக் கண்ணாடியில் பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. ‘என் மேலா கோபம்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

வீட்டு வாசலில் அம்மா எங்களை நிறுத்தினாள். எதையும் தொடாமல் நேராகப் போய்த் தலைக்குக் குளிக்கச் சொன்னாள். போட்டிருந்த உடுப்பையெல்லாம் தனியாக ஒரு பையில் போடச் சொன்னாள். செத்த பறவையைத் தொட்டோம், கிருமி ஒட்டியிருக்கும், அதற்காக என்று நினைத்துக்கொண்டேன். பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதலில் நான் குளித்தேன், பிறகு அப்பா. கடைசியாக அம்மா போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எத்தனையோ வருடம் கழித்து, ஊரில் பெரிய மாமாவின் சாவுக்குப் போய், அடக்கம் முடிந்து வந்தவர்கள் வாசலிலேயே நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டதைப் பார்த்தபோதுதான், அந்தச் சனிக்கிழமை நாங்கள் எங்கே போய்விட்டு வந்தோம் என்பது எனக்குப் புரிந்தது.

அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. பாத்திரத்தில் மீந்திருந்த வடையை எடுத்துக்கொண்டு டிவியில் கார்ட்டூன் போட்டு உட்கார்ந்தேன். குளியலறையில் ஷவர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், நீளமாக, இழுத்து இழுத்து, நடுவில் நின்று, மறுபடி தொடங்கியது. கார்ட்டூனில் பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. பாத்ரூமில் பைப் கெட்டுப்போய்விட்டது, அபார்ட்மென்ட் ஆபீஸில் சொல்லிச் சரிபண்ணச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா ஈரத்தலையோடு அந்த மூடிய கதவுக்கு எதிரே நின்றிருந்தார். தட்டவும் இல்லை, நகரவும் இல்லை.

“சொல்றேன் கண்ணு,” என்றார்.